விருந்தேற்கும் திருச்சபை: அயலாருடன் நல்லுறவு குறித்து ஒரு சிந்தனை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தைக் கடந்தபின் இடப்பக்கம் திரும்பினால் கோவளத்தை அடையலாம். மீனவர் குப்பம், கர்மேல் அன்னையின் கத்தோலிக்க ஆலயம், தமீம் அன்சாரி அவர்களின் தர்கா, இந்துக் கோயில் ஆகிய அனைத்தும் அங்கே நடந்து செல்லும் தொலைவிற்குள் அமைந்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் இவ்வூருக்குச் சாதத் பந்தர் என்ற பெயரும் வழங்கிற்று. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் இங்கே கடலோரத்தில் ஒரு கோட்டையைக் கட்டினார். அக்கோட்டை வீழ்ந்த விதத்தை அக்காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார்.

1750ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, துன்பத்திலிருப்பதாக அடையாளம் காட்டியது. கோட்டையிலிருந்து சென்று விசாரித்தவர்களிடம், மாலுமிகளில் பெரும்பாலோர் ஸ்கர்வி நோயால் மாண்டுவிட்டனர் என்றும், எஞ்சியோரைக் கரையிறங்க விடாவிட்டால் அவர்களும் மடிவர் என்றும் சொல்லப்பட்டது. நல்ல கைம்மாறு கிடைக்கும் என எண்ணிய கோட்டை அதிகாரி இசைந்தார். மெலிந்து நோயுற்ற தோற்றமுடைய முப்பது பேர் உள்ளே வந்தனர். அவர்தம் ஆடைகளுக்குள் ஆயுதங்கள் இருந்தன. அன்றிரவே கோட்டை அவர்கள் கைக்குச் சென்றது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1752இல், கிளைவ் அதனைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றி வெடிவைத்துத் தகர்த்தார்.

இறையியல் இதழொன்றில் இப்பழங்கதைக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். நம் அயலாரில் பலர் திருச்சபையைப் பற்றி மனத்திற்குள் கொண்டுள்ள ஐயம் ஏறத்தாழ இந்தக் கோவளத்துக் கதையே என்பது நம் கருத்து. நாம் பள்ளி திறந்தாலும், மருந்து கொடுத்தாலும், வெள்ளத்தில் அரிசி வழங்கினாலும், பக்கத்து வீட்டாரிடம் நலம் விசாரித்தாலும், 'இவர்களின் அன்பென்னும் ஆடைக்குள் வேறென்ன இருக்கிறது?' என்ற வினா எழுகிறது. இந்த ஐயத்தில் ஒரு பகுதி அரசியல் நோக்குடன் வளர்க்கப்படுவது என்பதை நாம் அறிவோம். ஆயினும் முழுவதும் அத்தகையதே என்று கூறித் தப்பித்துக்கொள்வது நேர்மையாகாது. நண்பர் ஒருவரின் வீட்டிற்குள் நுழையும்போதே அவரை 'வாய்ப்பு' என்றும் 'அறுவடை' என்றும் கணக்கிட்டவர்கள் நம்மிடையே உண்டு. நம் சபை அறிக்கைகளின் மொழியே அதற்குச் சான்று.

அயலாருடன் நல்லுறவு வளர்க்க வேண்டுமென்று பேசும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் பரிகாரம் ஒன்றுண்டு. இன்னும் மிகுதியாகக் கொடுப்போம், இன்னும் மிகுதியாகச் சேவை செய்வோம் என்பதே அது. கொடுப்பது நல்லது; அதை மறுப்பாரில்லை. ஆனால் கொடுத்துக்கொண்டே இருப்பவனுக்கும் வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கும் இடையில் உருவாவது உறவா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கொடுப்பவன் தன் வீட்டில் நிற்கிறான். நேரமும் அளவும் அவன் கையில் உள்ளன. விருந்தினனோ பிறர் வீட்டில், பிறர் இட்ட இலையில், பிறர் சமைத்ததை உண்கிறான். ஆயுதமின்றி ஒருவன் வந்திருக்கிறான் என்பதை அயலான் கண்டறிவது அங்கேதான்.

இதில் தமிழராகிய நமக்கு ஒரு தடையும் உண்டு. 'விருந்து' என்ற சொல் பழந்தமிழில் புதுமையைக் குறித்தது; பின்பு புதிதாக வந்த மனிதரைக் குறித்தது; இன்று பெரும்பாலும் உணவையே குறிக்கிறது. ஆள் மறைந்து சோறு மட்டும் மிஞ்சிவிட்டது போலும்! திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. அது விருந்து படைப்பவனிடமே பேசுகிறது. பெறுபவனைப் பற்றிப் பேச வரும்போது இரவு, இரவச்சம் என்ற தலைப்புகளையே அங்குக் காண்கிறோம். ஏற்பதை இழிவென்று ஆத்திசூடி சிறுவருக்குக் கற்பிக்கிறது. கொடுப்பவன் உயர்ந்தோன், பெறுபவன் தாழ்ந்தோன் என்ற இந்த உணர்வு நம் குருதியில் ஊறியிருப்பதால், அருட்பணியாளராகிய நாமும் எப்போதும் கொடுப்போர் வரிசையில் நிற்பதையே விரும்புகிறோம்.

திருமறையோ வேறொரு காட்சியைக் காட்டுகிறது. நற்செய்தி நூல்களில் இயேசு பெருமான் விருந்து படைக்கும் இடங்களைவிட விருந்தேற்கும் இடங்களே மிகுதி. பேதுருவின் மாமியாரும், லேவியும், பரிசேயனாகிய சீமோனும், மார்த்தாளும் அவரைத் தம் வீட்டில் ஏற்றனர். சகேயுவின் வீட்டிற்கோ அவர் தாமே தம்மை அழைத்துக்கொண்டார். சமாரியப் பெண்ணிடம் அவருடைய முதற்பேச்சு உபதேசமன்று. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டதே (யோவான் 4:7). மொண்டெடுக்கக் கயிறும் குடமும் அவரிடம் இல்லை, அவளிடம் இருந்தன. அந்தக் குறை பாசாங்கு அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கோவளத்தில் கரையிறங்கியவர்களின் நோய் நடிப்பு. யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்தவரின் களைப்பு மெய். எழுபதின்மரை அனுப்பும்போது பணப்பையோ பயணப்பையோ எடுத்துச் செல்ல வேண்டாம் என்றும், நுழையும் வீட்டிலேயே தங்கி, அங்கு வைக்கப்படுவதை உண்ணுமாறும் கட்டளையிட்டார் (லூக்கா 10:4-8). இதனைத் துறவின் அறிகுறியாக மட்டும் விளக்குவது வழக்கம். சீடர் அயலாரைச் சார்ந்து நிற்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியுள்ளது என்று நாம் கருதுகிறோம்.

இக்கட்டளையின் ஆழத்தைப் பேதுரு கற்றுக்கொண்டது ஒரு கடற்கரை ஊரில். யோப்பா பட்டினத்தில் அவர் நெடுநாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் (அப்போஸ்தலர் 9:43). லூக்கா இச்செய்தியை மும்முறை கூறுகிறார். வீடு கடலோரத்தில் இருந்தது என்பதையும் சொல்கிறார். ஏன் இத்தனை வலியுறுத்தல்? செத்த விலங்கின் உடலைத் தொடுபவன் மாலைவரை தீட்டுள்ளவன் என்பது லேவியராகமச் சட்டம் (11:39). தோல் பதனிடுபவனுக்கு அது நாள்தோறும் நேரும் தொழில். தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழத்துக்கு அப்பால், அதுவும் கிழக்குப் புறத்தில் மட்டுமே அமையலாம் என்று யூதரின் மிஷ்னா விதிக்கிறது. கணவன் இத்தொழில் செய்பவன் என்ற காரணத்தால் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்றும் அது இடமளிக்கிறது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் தொழிற்சாலை ஒரு காலத்தில் இயங்கியது செங்கற்பட்டுச் சீமையில்தான். தோல் கிடங்கின் நாற்றமும், அந்நாற்றத்தின் பெயரால் ஒரு மக்கள் கூட்டத்தையே ஊருக்கு வெளியே நிறுத்திய வழக்கமும் நமக்குப் புதியவை அல்ல. யோப்பாவின் சீமோனை நமது மாணவருக்கு அறிமுகப்படுத்த அடிக்குறிப்பு தேவையில்லை.

யோப்பாவில் வேறு விசுவாசிகளும் இருந்தனர். தபீத்தாளை உயிரோடு எழுப்பியபின் பேதுருவை வரவேற்காத வீடு அங்கு இருந்திருக்காது. அப்படியிருந்தும் அவர் தோல் பதனிடுபவரின் வீட்டில் தங்கினார். காரணத்தை லூக்கா சொல்லவில்லை. நாமும் ஊகிக்க வேண்டாம். ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குக. பலவித விலங்குகள் நிறைந்த துப்பட்டியின் தரிசனம் அந்த வீட்டு மாடியில், உணவு ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில், பசித்த பேதுருவுக்குக் கிடைத்தது. கொர்நேலியு அனுப்பிய புறவினத்தார் வாசலில் வந்து நின்றபோது பேதுரு அவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார் (10:23). யாருடைய வீட்டில்? சீமோனுடைய வீட்டில். அன்றிரவு அம்மூவருக்கும் சோறிட்டவர் தோல் பதனிடுபவரே. புறவினத்தாருக்குத் திருச்சபை திறந்த முதல் கதவு எருசலேமில் இல்லை. தீட்டுத் தொழில் செய்த ஒருவரின் கடலோர வீட்டில் இருந்தது. பேதுரு அதைத் திறக்கும் உரிமை பெற்றது அவர் அங்கே விருந்தினராய் இருந்ததனால். செசரியாவிலும் அதுவே நிகழ்ந்தது. திருமுழுக்குக்குப் பின் அவர்கள் அவரைச் சில நாள் தங்குமாறு வேண்டிக்கொண்டனர். எருசலேமில் எழுந்த குற்றச்சாட்டும் அவர் புறவினத்தாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார் என்பதன்று. அவர்களோடு உண்டார் என்பதே (11:3).

ஆனால் பாடம் ஒருமுறை கற்றால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தியோகியாவில் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் இதே பேதுரு பந்தியை விட்டு விலகினார். பவுலடிகள் அவரை நேருக்கு நேர் கண்டித்தார் (கலாத்தியர் 2:11-14). இறையியலில் பேதுரு மாறவில்லை. தம்மவர் பார்க்கிறார்களே என்ற அச்சம் அவர் கையை இலையிலிருந்து எடுக்கச் செய்தது.

மறுபடியும் கோவளத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுசென்றது. அதைத் தொடர்ந்து நம் சபைகள் அனைத்தும் கொடுத்தன, நன்றாகவே கொடுத்தன. எனினும் அந்நாள்களில் கடற்கரைச் சாலைகளில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்கிலுமிருந்து வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. வீடும் வலையும் இழந்து நின்ற மீனவ மக்கள் அவற்றை எடுக்கவில்லை. அதை நன்றிகேடு என்றவர்கள் உண்டு. கடலில் உழைத்துத் தன் பங்கைத் தானே பெற்று வாழ்ந்த மக்கள், பிறர் உடுத்தி விடுத்ததை வாங்க மறுத்தது தன்மதிப்பு என்று நாம் கொள்கிறோம். பின்னர் நிறுவனங்கள் போட்டியிட்டு வழங்கிய ஃபைபர் படகுகள் பல ஊர்களில் தேவைக்கு மிஞ்சின. யாருக்கு எது வேண்டும் என்று வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்க நமக்கு நேரமிருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் இறையியல் மாணவர் சிலருடன் நாம் அக்கரையோர ஊர்களில் ஒன்றிற்குச் சென்றோம். பேரலைக்குப் பிந்திய வாழ்க்கையை மாணவர் நேரில் காண வேண்டும் என்பது நோக்கம். மக்களுக்குத் தொல்லை தரலாகாது என்று எண்ணி உணவுப் பொட்டலங்களைக் கையோடு எடுத்துச் சென்றிருந்தோம். நல்லெண்ணம்தான். நண்பகலில் ஒரு வீட்டுத் தாயார் சங்கரா மீன் குழம்பும் சோறும் ஆக்கி வைத்து எங்களை அழைத்தார். மாணவர் ஒருவர் பணிவுடன் பொட்டலத்தைக் காட்டி, தங்களுக்கு உணவு இருப்பதாகக் கூறினார். அத்தாயார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு நீங்க குடுத்தப்போ நாங்க வாங்கிக்கினோம் ஐயா. இன்னிக்கு நாங்க குடுத்தா உங்களுக்கு ஆவாதா?" என்றார். நாங்கள் அமர்ந்து உண்டோம். ஆனால் அவ்வினாவுக்கு விடை சொல்லும் ஆற்றல் அன்று எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. அதுவரை எங்கள் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் விடையளித்தவர், நாங்கள் அவர் வீட்டுச் சோற்றைத் தொட்ட பிறகே அலையில் போன தம் மகனைப் பற்றிப் பேசினார்.

பெற்றவர்கள் கொடுப்போராக மாறும் காலமும் வந்தது. 2015 டிசம்பரில் சென்னையும் புறநகர்களும் நீரில் மூழ்கியபோது கடலோரக் குப்பங்களின் படகுகள் லாரிகளில் ஏற்றப்பட்டு நகர வீதிகளுக்கு வந்தன. மாடிகளில் சிக்கிய அதிகாரிகளையும் பேராசிரியர்களையும் மீனவர்கள் கைப்பிடித்து இறக்கினர். தென்சென்னையின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டுக் கழிமுகத்தில்தான் கடலைச் சேர்கிறது. நகரின் வெள்ளத்தை ஏற்பது கோவளத்துக் கடல். நகர மக்களை மீட்டவர்கள் கடற்கரை மக்கள். நல்ல சமாரியன் உவமையை நாம் பெரும்பாலும் சமாரியனின் இடத்தில் நின்றே போதிக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனின் இடத்திலிருந்து கேட்டால் அது வேறு கதை. தன் காயத்தைத் தொட அவன் எந்தக் கையை விரும்பமாட்டானோ, அந்தக் கைதான் அவனைத் தூக்கிற்று.

தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் இவ்வுண்மையை அறிந்து வாழ்ந்தவராக சுவார்ட்ஸ் ஐயரைக் குறிப்பிடலாம். 1779இல் சென்னை அரசு அவரைச் சீரங்கப்பட்டணத்துக்கு ஐதர் அலியிடம் தூது அனுப்பியது. ஆங்கில அதிகாரிகளை நம்பாத ஐதர் இவரை நம்பினார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் அடங்கிய பையைக் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதனைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முயன்றார். அரசு அதை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னது. அவர் அப்பணத்தைத் தஞ்சையில் ஆங்கில தருமப் பள்ளியொன்று தொடங்குவதற்கு முதல் நன்கொடையாக்கினார். கிறிஸ்தவப் பள்ளியொன்றின் முதல் காணிக்கை ஓர் இஸ்லாமிய மன்னரின் கையிலிருந்து வந்தது என்பதை நம் நிறுவன வரலாறுகள் இன்னும் உரக்கச் சொல்லலாம். இத்தூது போரைத் தடுக்கவில்லை. 1780இல் போர் மூண்டது. ஆயினும் சுவார்ட்ஸ் எங்கும் தடையின்றிச் செல்ல விடப்பட வேண்டும் என்று ஐதர் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டார். தஞ்சைக் கோட்டை பஞ்சத்தில் வாடியபோது, முன்பு ஏமாற்றப்பட்ட குடியானவர்கள் மன்னரின் சொல்லுக்கும் ஆங்கிலேயரின் சொல்லுக்கும் தானியம் கொண்டுவரவில்லை. விலை கொடுக்கப்படும் என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகு கொண்டுவந்தனர். சொன்னபடி விலையும் கொடுக்கப்பட்டது. அவர் அரசுக்கு வேண்டியவராகவும் இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவருடைய ஆடைக்குள் ஆயுதமில்லை என்பதைப் பகைவரும் அறிந்திருந்தனர்.

பந்தியைப் பற்றிப் பேசும்போது நம் சபைகளின் பெரும்புண்ணைத் தொடாமல் செல்ல இயலாது. சாதி வேறுபாடு திருச்சபையில் இருத்தலாகாது என்று பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதியார் பலர் சபையை விட்டு வெளியேறினர். 1850இல் சென்னை மிஷனெரிகளின் மாநாடு இன்னும் ஒருபடி சென்று, ஒடுக்கப்பட்டவர் சமைத்த உணவை உண்ண மறுப்பவர் சாதியை விட்டவராகக் கருதப்பட மாட்டார் என்று தீர்மானித்தது. 'அன்பின் விருந்து' ஒரு தேர்வாக நடத்தப்பட்டது. அவர்களின் நோக்கத்தை நாம் போற்றுகிறோம். இன்றைய பேராயங்களில் அத்தகைய துணிவு அரிது. ஆனால் இம்முறையில் ஒரு குறை இருந்தது. சமைத்தவர் அங்கு விருந்தளிப்பவராக இல்லை. விருந்து மிஷனெரியுடையது, வீடு மிஷனெரியுடையது, ஒடுக்கப்பட்டவரின் கை வெறும் சோதனைக் கருவியாயிற்று. வேளாளக் கிறிஸ்தவர் அந்தச் சேரி வீட்டுக்கு அழைக்கப்பட்டு, அவ்வீட்டாரின் வரவேற்பைப் பெற்று, அவர்கள் பாயில் அமர்ந்து உண்டிருந்தால் வரலாறு எவ்வாறு சென்றிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

பழைய வரலாற்றைக் குறைகூறுவது எளிது. இன்று காலனிச் சபைக்குச் சென்று திருவிருந்து வழங்கும் ஆயர், ஆராதனை முடிந்ததும் எங்கே உண்கிறார்? அடுத்த ஊரில் காலை உணவு ஏற்பாடாகியிருக்கிறது என்று சொல்லி வண்டியேறும் வழக்கத்தை நாம் அறிவோம். கிறிஸ்துவின் உடலை அவர்களுக்குக் கொடுத்த கை, அவர்கள் தந்த தேநீரைத் தொடாமல் திரும்புகிறது. ஆழிப்பேரலை முகாம்களிலேயே தலித் மக்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை அக்காலத்து அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. மீனவர் என்றால் எல்லாரும் ஒருவரையொருவர் ஏற்போர் என்று நாமும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எளியோரிடையும் பந்தி வரிசைகள் உண்டு.

இங்கு ஒரு மறுப்பு எழும். விருந்தினராய் மட்டும் இருந்தால் நற்செய்திச் சாட்சி என்னவாகும்? ஆயுதத்தைக் களைதல் என்பது நற்செய்தியையே கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போவதாகாதா? ஆகாது. செசரியாவில் பேதுரு பேசினார். ஆனால் எப்போது பேசினார்? வீட்டுத் தலைவன், ஆண்டவர் உமக்குக் கட்டளையிட்டதைக் கேட்கக் கூடியிருக்கிறோம் என்று சொன்ன பிறகு (10:33). அதற்கு முன் அவர் கேட்ட கேள்வி, எதற்காக என்னை அழைத்தீர் என்பதே. பிற்காலத்தில் பேதுருவின் பெயரால் அமைந்த நிருபமும், நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்கு விடைகூற ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது (1 பேதுரு 3:15). கேள்வி அயலானிடமிருந்து வர வேண்டும். அது வருவதற்கு நாம் அவன் வீட்டில் இருக்க வேண்டும். தன் நம்பிக்கையை மறைத்துக்கொண்டு உறவாடுவதும் ஒருவகை வேடம்தான். நாம் யாரென்பதை அவனிடம் ஒளிக்க வேண்டியதில்லை. அவன் நம்மை ஏற்பதற்குக் கைம்மாறாக எதையும் எதிர்பார்த்து நிற்கவும் வேண்டியதில்லை.

நடைமுறையில் ஆயர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா பிரசாதத்தைப் பற்றியது. பக்கத்து வீட்டார் கோயில் பொங்கலைக் கொண்டுவந்தால் என்ன செய்வது? பவுலடிகள் கொரிந்தியருக்குச் சொல்வதை முழுவதும் படிக்க வேண்டும். விசுவாசியாதவன் ஒருவன் உங்களை அழைத்து, நீங்கள் போக விரும்பினால், வைக்கப்படுவதைக் கேள்வி கேட்காமல் உண்ணுங்கள் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சுட்டிக்காட்டினால், அவனுடைய மனச்சாட்சியை முன்னிட்டு உண்ணாதிருங்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 10:27-29). இரண்டாவது பாதியை நம் சபைகள் மனப்பாடமாக அறியும். விசுவாசிகள் பிறர் வீட்டு விருந்துக்குப் போவார்கள் என்று முதற்பாதி இயல்பாகக் கொண்டிருப்பதை ஏனோ கவனிப்பதில்லை. மனச்சாட்சி இடந்தராதவர் அன்போடு காரணம் கூறி மறுக்கலாம். அயலார் அதனைப் புரிந்துகொள்வர். ஆனால் திருமண அழைப்புக்கும், ரமலான் மாத நோன்புக் கஞ்சிக்கும், பிள்ளைப்பேற்று வீட்டுச் சர்க்கரைக்கும் அதே காரணத்தைக் கூறுவது சோம்பல் அன்றி வேறில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். விருந்தேற்றல் என்ற பெயரில் ஏழைக் குடும்பங்களின் மேல் பாரமாய் அமரும் அருட்பணியாளரும் உண்டு. ஆயர் வருகிறார் என்று கடன் வாங்கிக் கோழி அடிக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். ஆதித் திருச்சபை இத்தகையோரை நன்கறிந்திருந்தது. வருகிற தூதுவன் ஒருநாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று 'திதகே' என்னும் பழைய ஒழுங்குநூல் விதிக்கிறது. பணம் கேட்டாலும் அப்படியே. பவுலடிகள் இரவும் பகலும் உழைத்ததும் இதனாலேயே. வைப்பதை உண்ணுங்கள் என்ற கட்டளைக்குள், வைக்காததைக் கேளாதீர்கள் என்பதும் அடங்கும்.

கோவளத்துத் தர்காவைப் பற்றி வழங்கும் மரபு ஒன்று இங்கு நினைவிற்கு வருகிறது. நபிகளின் தோழருள் ஒருவராகப் போற்றப்படும் தமீம் அன்சாரி அவர்களின் உடல் ஒரு பெட்டியில் கடல்வழியே வந்து இக்கரையில் ஒதுங்கிற்று என்று மக்கள் நம்புகின்றனர். வரலாற்றாய்வாளர் இதனை எவ்வாறு மதிப்பிட்டாலும், இஸ்லாமியரோடு பிற சமயத்தாரும் இன்று அங்கே வந்து போகின்றனர். சற்றுத் தொலைவில் கர்மேல் அன்னை ஆலயத்திற்குள், 1821இல் இறந்த போர்த்துகீசிய வணிகர் ஜான் டி மான்டியின் கல்லறை இருக்கிறது. கோட்டையைப் பிடிக்கக் கடல்வழி வந்தவர்களில் எவர் பெயரையும் ஊரார் இன்று சொல்வதில்லை. மெலித்தா தீவில் கப்பல் உடைந்து நனைந்து நடுங்கிக் கரையேறிய பவுலுக்கு அங்கிருந்த அந்நிய மொழி பேசுவோர் தீமூட்டினர். புபிலியு மூன்று நாள் தம் வீட்டில் வைத்து உபசரித்தார் (அப்போஸ்தலர் 28:1-10). பவுல் அத்தீவில் நோயாளரைக் குணமாக்கியதை நாம் விரிவாகப் போதிக்கிறோம். குளிர்காய்ந்தது அதற்கு முன்பு நடந்தது.

அம்மீனவத் தாயாரின் ஊருக்கு நாம் பின்னரும் மாணவருடன் சென்று வருகிறோம். உணவுப் பொட்டலம் எடுத்துச் செல்வதில்லை. படகுகள் கரை சேரும் நேரமறிந்து, நான்கைந்து பேராகப் பிரிந்து, அழைக்கும் வீடுகளுக்குச் செல்கிறோம். பாடு நன்றாயிருந்தால் குழம்பு கிடைக்கும். கடல் கொந்தளித்து வலை வெறுமையாய் வந்த நாளில் கஞ்சியும் கருவாடும்தான். ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்தும் சென்ற முறை ஒரு வீட்டார் அழைத்தனர். அங்கே போவதைக் குப்பத்தார் சிலர் விரும்பவில்லை. இரு மாணவர் போய் உண்டு வந்தனர்.